பனிமேட்டில் ஏறிய கார்

அன்புள்ள மாயக்காளுக்கு,

கனடாவிலிருந்து நானே என் கையால் எழுதுகிறேன். நானும் நம் மகள் பவித்ராவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் வீட்டருகே உள்ள மேட்டில், பனியில் கார் கொஞ்சம் வழுக்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. ஆனால் பவித்ரா, "இனி ஓட்ட மாட்டேம்ப்பா, வேலைய விட்டுர்றேன்" என்று சாவியை வைத்துவிட்டாள்.

நான்தான், மேட்டைச் சுற்றிக்கொண்டு மெல்ல ஓட்டச் சொல்லி, பனிக்கால டயர் வாங்க அவளைக் கிளப்பினேன். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டை அமுக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு டயராக அமுக்கினேன். கல் மாதிரி இருந்ததைக் காட்டி, "இதான் உழைக்கும்" என்றேன்.

பவித்ரா கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, "அது வெயிலுக்குப்பா. குளிர்ல இறுகாம மெத்துனு இருக்கறதுதான் பனியப் பிடிக்குமாம்" என்று சிரித்தாள். அவள் சிரித்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. மெத்தென்று இருந்ததையே வாங்கச் சொன்னேன்.

நாலும் மாட்டியதும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். கடைக்காரர் ஆசையாகப் படம் பிடித்துக்கொண்டார். மேட்டில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கார் ஓர் இடத்திலும் வழுக்காமல் ஏறிவிட்டது.

சுண்டைக்காய் வற்றல் அனுப்பு. பேசும்போது போனைச் செத்த நேரம் ஆட்டுக்கொட்டத்தில் வை. இங்கே பகலில் ஒரு சத்தமும் இல்லை.

மீதியை எழுத விடமாட்டாள். பவித்ரா இப்போது தனியாகவே மேடு ஏறி இறங்கிவிட்டு, "இன்னொருக்கா போலாம், வாங்கப்பா" என்று வாசலில் ஹாரன் அடிக்கிறாள்.

உன் பேச்சிமுத்து