மூன்றாவது தோட்டா

மார்ச் 29, 2015, ஞாயிறு

இன்று ஏழு கன்று. ஒன்றுக்கு முன்னங்கால் மடங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டது. நானும் என் மனைவி ஆர்லீனும் கயிறு கட்டி இழுத்தோம், பிழைத்துக்கொண்டது. மலைக்காற்று நிற்கவே இல்லை. உள்ளே வந்ததும் அவள் சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் பத்து நிமிடம் தூங்கினாள். நாளைக்கு அவள் ஊருக்குள் வேலைக்குப் போக வேண்டும். பல் செட் செய்யும் கூடத்தில் யாருக்கோ மேல்வரிசை அவசரமாம்.

ஓடைப் புதர்ப் பக்கம் கரடித் தடம் கண்டதாக பக்கத்துப் பண்ணை ஓர்வில் வேலியருகே நின்று சொல்லிவிட்டுப் போனான். ஆர்லீனின் லீவர் ரைஃபிளில் ஆறு தோட்டா நிரப்பி பிக்-அப்பில் வைத்தேன். என் கையால் செய்தவை. முப்பது வருஷமாக இந்த வீட்டில் கடைத் தோட்டா வாங்கியதில்லை.

மார்ச் 31, செவ்வாய்



காலை எட்டரை மணி. நான் கொட்டிலில் இருந்தேன், ஆர்லீன் ஓடையோரம் மாடுகளைப் பார்க்கப் போயிருந்தாள். ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடி. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், சேற்றில், எப்படி ஓடினேன் என்று தெரியாது.

எதிரே அவளுடைய பிக்-அப் வந்தது. மெதுவாகத்தான் ஓட்டி வந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி. ரைஃபிள் பக்கத்து இருக்கையில், லீவர் பாதி திறந்தபடி.

பிறகு நின்று நிதானமாகச் சொன்னாள். செவலைக் கிடாரியின் கன்றைக் கரடி பிடித்துவிட்டது. விரட்டலாம் என்று அதன் முன்னால் தரையில் ஒன்று சுட்டாள். நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். இரண்டாவது சுட்டதும் கன்றை விட்டுவிட்டு அவளை நோக்கி நடந்தது. மூன்றாவது தோட்டாவை ஏற்ற லீவரை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கரடிக்கும் அவளுக்கும் நடுவே முப்பது அடி.

என்ன செய்தாய் என்று கேட்டேன். பேசினேன் என்றாள்.

"கரடிகிட்டயா? என்ன பேசுனே?"

"வேற எதுவும் வாயில வரல. இந்த வாரத்து ஆர்டரை எல்லாம் ஒப்பிச்சேன். மேல்வரிசை, இடது பக்கம், மூணாவது பல்லு, வெள்ளை கொஞ்சம் மங்கலா இருக்கணும்னு. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அடி பின்னால வச்சேன்."

கரடி கேட்டுக்கொண்டு நின்றதாம். அப்புறம் திரும்பிப் போய்க் கன்றைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. இவள் வண்டிவரை முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்திருக்கிறாள்.

அந்த லீவரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடத்தான் எனக்குக் கை பரபரத்தது. கையைத் தட்டிவிட்டாள். "தொடாதே. எப்படி மாட்டியிருக்குன்னு நான் பாக்கணும்." சாவின் வாயிலிருந்து வந்து அரைமணி நேரம் ஆகவில்லை. இப்படி ஒருத்தியோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன், எனக்கே இன்றுதான் தெரிகிறது.

ஏப்ரல் 1, புதன்

வனவிலங்கு அதிகாரி வந்து தடத்தை அளந்துகொண்டு போனார். பெரிய ஆண் கரடியாம்.

வாசலுக்கு வெளியே, குழல் மண்மேட்டைப் பார்த்திருக்க, ஆர்லீன் டார்ச் அடித்து ரைஃபிளின் உள்ளே பார்த்தாள். படம் வரைந்துகொண்டாள். அதன் பிறகுதான் திருகாணியைக் கழற்றவிட்டாள். குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்னாலிருந்து சுருள்கம்பி தள்ளிக்கொண்டே இருக்கும். லீவரை இழுத்தால் ஒன்று மட்டும் உள்ளே வந்து சின்னப் பலகையில் ஏற வேண்டும். வந்த தோட்டாவின் நீளம்தான் அடுத்ததை வெளியே நிறுத்தும் கதவு. நேற்று வந்தது நீளம் குறைவு. அடுத்தது அதன் பின்னோடு தன் அடிப்பாகத்தை நுழைத்துவிட்டது.

வரிசையில் முன்னால் நிற்பவன் சரியாக நிற்காவிட்டால் பின்னால் வருபவன் இடிக்கத்தானே செய்வான் என்றாள்.

நீளம் என்றதுமே எனக்கு ஜனவரி ஞாபகம் வந்தது. ஏன் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன். சுட்ட பித்தளைக் கூடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. திரும்ப நிரப்புமுன் எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குச் சீவ வேண்டும். ஜனவரியில் அதைச் செய்யவில்லை. ஏரியில் பனி கெட்டியாக இருந்தது, மீன் பிடிக்கப் போக வேண்டும் என்ற அவசரம். முப்பது வருஷக் கைக்குத் தெரியாதா என்ற திமிர்.

அதனால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? முடியாது. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

மருந்தும், அதைப் பற்றவைக்கும் அடிக் கேப்பும் இல்லாமல் பத்து வெறும் தோட்டா செய்தாள். அதே கூடுகள், டை என்கிற அதே அச்சு, அதில் அழுத்தும் என் பிரஸ். குழாயில் போட்டு லீவரை இழுத்து இழுத்து வெளியே தள்ளினாள். மெதுவாக, வேகமாக, துப்பாக்கியைச் சாய்த்து, கவிழ்த்து. ஒன்றுகூட மாட்டவில்லை.

உள்ளூர ஒரு நிம்மதி வந்தது எனக்கு. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

பன்றித்தொடை, உருளைக்கிழங்கு. சாப்பிடும்போது நடுவில் முள்கரண்டியை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். ரெண்டு நல்லா வெடிச்சுதே, மூணாவது மட்டும் ஏன், என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் கிழங்கு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

மூன்று கன்று. மழை. ஆர்லீன் கூடத்திலிருந்து நீளம் அளக்கும் அவளுடைய வெர்னியரைக் கொண்டுவந்திருக்கிறாள். என்னுடையது தேய்ந்துபோனதாம். தேய்ந்துதான் இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

கண்டுபிடித்துவிட்டாள்.

காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் பால் வாளியோடு வந்து நின்றாள். "வெறும் தோட்டா உதைக்காதுல்ல?" என்றாள். அவ்வளவுதான். வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்த என் தோட்டாக்களில் ஆறு எடுத்து மசியால் எண் போட்டு, ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதிக்கொண்டாள். குழாயில் நிரப்பினாள். மண்மேட்டைப் பார்த்து இரண்டு சுட்டாள். மிச்ச நான்கையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி அளந்தாள். இரண்டு அப்படியே இருந்தன. இரண்டில் ஈயக்குண்டு கூட்டுக்குள் இறங்கியிருந்தது. ஒன்று நகக்கனம், இன்னொன்று அதற்கும் மேலே. துப்பாக்கி உதைக்கும்போதெல்லாம் குழாயில் காத்திருக்கும் தோட்டா சுருள்கம்பிக்கும் முன்னால் இருப்பதற்கும் நடுவே அடி வாங்குகிறது. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருந்தால் தாங்கும். அந்த இரண்டும் கட்டையான கூடுகள். அச்சில் கூட்டின் வாயை மடித்து இறுக்கும் இடத்துக்கு அவை எட்டவே இல்லை.

அவள் அடுத்த கூட்டை அளக்கக் கையில் எடுத்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஜனவரி, மீன், சீவாதது, எல்லாம்.

வெர்னியரை மூடி உறையில் போட்டாள். போட நேரமெடுத்தாள்.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சீவாம விட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல, வெண்டல். எனக்கும் வேலையில தப்பு வரும். ஆனா அந்தக் கரடி என்னை ரெண்டு நிமிஷம்தான் நிக்க வச்சுது. நீ பதினோரு நாள் நிக்க வச்சுட்டே."

எண் போட்ட தோட்டாக்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தேன்.  

ஏப்ரல் 12, ஞாயிறு

 காபி மட்டும் ஊற்றி வைத்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

பேசினாள். அந்த ஜனவரியில் செய்த தோட்டாவை வேறு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டாள். மூன்று வீட்டுக்கு என்றேன். போய்த் திருப்பி வாங்கி வா என்றாள்.

இரண்டு வீட்டில் சுலபம். ஓர்வில் மட்டும் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், வாய் கொஞ்சம் நீளம். எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது என்றான். "பொண்டாட்டி திட்டினாள்னு ஊர் ஊராப் போய் மன்னிப்பு கேக்கறியாடா? அடுத்த வாரம் அவ உனக்குப் பல்லு கட்டி விடுவா."

வெறுங்கையோடு வந்தேன்.

ஏப்ரல் 18, சனி

ஆர்லீனே ஓர்வில் வீட்டுக்குப் போனாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவள் சொல்படி.

எதையும் விளக்கவில்லை. அவனுடைய ரைஃபிள், அவன் கையில் இருந்த தோட்டா, அவனையே ஆறு எடுக்கச் சொன்னாள். பிக்-அப்பின் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் வைத்து அளந்து அவன் கையாலேயே எண்ணை எழுதச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். இரண்டு சுட்டான். நான்கை வெளியே எடுத்தான். வெர்னியரை அவன் கையில் கொடுத்துவிட்டு இவள் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதை அளக்கும்போது அவன் சிரிப்பு நின்றது. திரும்ப அளந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான்.

அவள் குரல் உயரவேயில்லை. ஒருவனைத் தோற்கடித்த மாதிரியும் இல்லை. நானாக இருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

என் பெஞ்சில் ஆர்லீன். முதலில் நாற்காலியை உயர்த்தினாள். பிறகு விளக்கை இடம் மாற்றினாள். நான் எத்தனை வருஷம் என் நிழலிலேயே வேலை பார்த்திருக்கிறேன்.

இருநூறு கூடுகளையும் கழுவி, பழைய அளவுக்கு நெருக்கி, ஒரே நீளத்துக்குச் சீவினாள். விளிம்பில் விரிசல் இருந்த ஒன்பதைத் தனியே போட்டாள். குண்டு தட்டை மூக்குள்ளதுதான். குழாயில் கூர்மூக்கு வைத்தால் முன்னால் இருப்பதன் கேப்பைக் குத்தும், அது எனக்கும் தெரிந்ததுதான். வாய் மடிப்பதற்கு டையைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாள், ஒன்று மடித்தாள், கண்ணாடி போட்டுப் பார்த்தாள், மறுபடி திருகினாள். குண்டைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் கூட்டின் வாய் போய் உட்கார வேண்டும், அதிகம் அழுத்தினால் கூட்டின் தோள் புடைத்துவிடும். ஒவ்வொன்றையும் பெஞ்சு விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் முழு பலத்தோடு அமுக்கி, மறுபடி அளந்தாள்.

இத்தனையும் எதற்கு என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். கேட்காமலே சொன்னாள். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் அந்த மனுஷனால் சாப்பிட முடியாதாம். கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் அவள் செய்தது இதுதான். நான் அதை ஏதோ மாவு பிசைகிற வேலை என்று நினைத்திருந்தேன்.

மே 3, ஞாயிறு

மண்மேட்டில் அறுபது தோட்டா. குழாய் நிறைய நிரப்பி, இரண்டு சுட்டு, நிறுத்தி, மறுபடி நிரப்பி. கையுறையோடு, கையுறை இல்லாமல். ஒரு தடவை முழங்காலிட்டு, ஒரு தடவை பின்னால் நடந்துகொண்டே. அந்த நடையைப் பார்த்தபோது எனக்கு அன்றைக்குக் காலை கண்முன் வந்தது. ஒரு தடங்கலும் இல்லை. லீவரின் சத்தம் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக.

கடைசித் தோட்டா தீர்ந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான் கூடுகளைப் பொறுக்கினேன். அறுபதும் இருந்தன.

ஜூன் 14, ஞாயிறு

மாடுகளை மேல் மேய்ச்சலுக்கு ஏற்றியாயிற்று. கரடியை ஒருமுறை தொலைவில் கண்டோம், அதுவும் எங்களைக் கண்டது. அவரவர் வழி.

ஓர்வில் ஃபோன் செய்தான். நான் எடுத்து ஹலோ சொன்னேன். "உன்னையில்லடா. ஆர்லீன்கிட்ட குடு."

அக்டோபர் 18, ஞாயிறு

ஓடையோரம் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை வேட்டைப் பருவம் திறக்கிறது. நான் மலைக்குப் போகிறேன். ஆர்லீனிடம் இருபது தோட்டா கேட்டேன்.

எந்தத் துப்பாக்கிக்கு என்றாள். என்னுடையதுக்குத்தான் என்றேன். கொண்டுவா என்றாள். என்னுடையது அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் கொண்டுவந்தேன்.

வெறும் தோட்டாக்களைப் போட்டு என்னையே லீவரை இழுக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் பெட்டியைத் திறந்து மருந்துள்ள இருபதையும் ஒவ்வொன்றாக அளந்து துணியில் அடுக்கினாள். ஒன்றைக் கையில் வைத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதைத் தூரப் போட்டாள்.

பத்தொன்பது கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.