அத்தை சொன்ன காயிதம்

லேபர் கேம்ப், மாட்டுங்கா
18-4-1966

அன்பு மச்சானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உன் அம்மாவை அடக்கம் செய்யக் கேம்ப்பே திரண்டு வந்தது.

இனி எதையும் நாளைக்கென்று தள்ளுவதில்லை என்று நேற்றுக் கோயிலில் முழந்தாளிட்டுச் சொன்னேன். பரீட்சைப் பாடங்களையும் சேர்த்துத்தான். காரணத்தைச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

தவக்காலம் தொடங்கிய வாரம் உன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"மருமவனே, அவனுக்கு ஒரு காயிதம் எழுதணும்லா."

எங்கள் வரிசையில் காலேஜுக்குப் போகிறவன் நான் ஒருவன்தானே. "நாளைக்கு எழுதுதேன் அத்தை" என்றேன். அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. கேரம் ஆடிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. அம்மா கூப்பிடாததால் ஈஸ்டர் லீவைப் பட்டாளத்தில் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாய்.

கூப்பிட்டார்கள், மச்சான். எழுதச் சொல்லி வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நெஞ்சு வலிக்கி. பயப்படாத, ரொம்ப ஒண்ணுமில்ல. லீவு கெடச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ, ராசா."

இப்படிக்கு,
உன் மச்சான்