பூவாடைக்கு வைத்த வளையல்

அன்பு அக்காவுக்கு,

தாம்பரம் மார்க்கெட்டில் வளையல் எடுத்தோம். எனக்கு முகூர்த்தத்துக்குச் சிவப்பு; பூவாடைப் படையலில் உனக்கு வைக்கப் பச்சை. கல்யாணமாகாமலே இறந்துபோன பெண்ணைப் பூவாடையாகக் கும்பிட்ட பிறகுதானே நம் வீட்டில் பத்திரிகையே வெளியே போகும்.

பத்திரிகைக்கு அப்பா அலையவில்லை. உனக்கு அடித்ததையே அச்சகத்தில் காட்டி, பெண் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்றார். மாப்பிள்ளை அவரேதான்.

இன்று காலை புடவை, வளையல், மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை எல்லாம் படைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே வளையல் குலுங்கியது.

"போட்டுப் பாக்குறாடி," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திறந்தால், பச்சை வளையல் கட்டுப் பிரிக்காமலே இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த என் சிவப்பு வளையலைக் காணோம். பத்திரிகையில் என் பெயர்மேல் மட்டும் ஈர மஞ்சள், ஒரு விரல் அகலத்துக்கு.

"உன்ன ஆசீர்வாதம் பண்ணியிருக்கா பாரு!"

சின்ன வயதில் என் சிலேட்டில் என் பெயரை நீ விரலை நனைத்து அழிப்பது அம்மாவுக்குத் தெரியாது.

வளையல் உனக்கே இருக்கட்டும். அவர் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி மட்டும் என் பக்கத்தில் வந்து படுக்காதே.

உன் தங்கை