நாடி பிடித்த கை

ஏங்க,

டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. துளி உப்பில்லை. உங்கள் இதயத்துக்காக உப்பு டப்பாவை ஒளித்துவைத்தேன். எங்கே என்று எனக்கே மறந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரையைப் போடுங்கள்.

நேற்று அந்த டப்பாவுக்காக நீங்கள் கத்தியபோது உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். சமாதானம் என்று நினைத்து அடங்கினீர்கள். நானோ கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். "என்ன சிஸ்டர், எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டீர்களே, மானமே போயிற்று. இதய வார்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவள் புருஷன் கையைப் பிடிக்கும் லட்சணம் இதுதான்.

(ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை.) எண்ணுவதற்கு அரை நிமிடம் போதும். அதற்குப் பிறகும் நான் கையை விடவில்லையே, அது ஏன் என்று கேட்டீர்களா?