இரண்டு அருள்மேரியும் ஓர் ஆறாயிரமும்

18 ஜனவரி 1982, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் கரும்பு தின்ற வாய்ப்புண்ணோடு வந்திருக்கிறார்கள். வாய்ப்பாடு சொல்லாமல் தப்பிக்க நல்ல காரணம்.

மதிய இடைவேளையில் சுங்குவார்சத்திரம் பாங்குக்கு ஓடி நூறு ரூபாய் கட்டினேன். பாஸ்புத்தகத்தில் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், டிசம்பரில் ஒரு செக் வரவு, ஆறாயிரம் ரூபாய். எனக்குச் செக் கொடுக்கிற மனிதர் இந்த உலகத்தில் யார்? மாமனார் வீட்டில் சீர்ப்பணத்தைத் திருப்பித் தருகிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு தெளிந்துவிட்டேன்.

19 ஜனவரி

இவரிடம் சொன்னது தப்பு. லாரி ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற என் வீட்டுக்காரர் மரியஜோசப், இந்தக் கணக்கில் மட்டும் ஒரு தப்பும் இல்லை என்கிறார்.

"ஆண்டவர் குடுத்தா வாங்கிக்கணும் மேரி."

"ஆண்டவர் செக்குல கையெழுத்து போடுவாரா?"

"அவருக்கு ஆயிரம் வழி."

கோவில் கமிட்டிச் செயலாளர் ஆயிற்றே, ஆண்டவரின் வழியெல்லாம் அத்துப்படி. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அந்த வழி ஒரு ஸ்கூட்டரில் போய் நின்றது. வண்டிக்குப் பதிவு செய்தால் வர வருஷக்கணக்காகுமாம், அதனால் நாளைக்கே பதிவு செய்ய வேண்டுமாம்.

21 ஜனவரி, வியாழன்

ஆறு வருஷமாக அந்தப் பாங்குக்குப் போகிறேன். நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். இன்று நாற்காலி. மேனேஜர் இராமச்சந்திரன் எழுந்து நின்று வரவேற்றார். பியூன் தசரதன் காபி வாங்கி வந்தார். அதற்குள் எனக்கே நான் கொஞ்சம் பெரிய மனுஷிதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"பணம் சும்மா கிடக்குதே டீச்சர், மூணு வருஷ டெபாசிட்டுல போட்டுடலாமா?"

"அது என் பணம் இல்ல சார். தப்பா வந்திருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் ஏதோ அவர் குடும்பத்தைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசியதுபோல.

"எங்க புக்குல தப்பு வராதும்மா."

டீச்சர் 'அம்மா' ஆகிவிட்டேன். காபியில் பாதிதான் குடித்திருந்தேன்.

8 பிப்ரவரி, திங்கள்

மறுபடியும் போனேன். மேனேஜர் பேரேட்டைப் பார்த்துவிட்டாராம். "சின்னக் குளறுபடி இருக்கலாம்" என்றார். இருக்கலாமாம்! யாருடைய பணம் என்று கேட்டேன். அது பாங்க் ரகசியமாம். என் கணக்கில் இருக்கிற பணம் யாருடையது என்று எனக்குச் சொல்லக் கூடாத ரகசியம்.

விஷயம் இதுதான். மார்ச்சில் கணக்கு முடிக்க வேண்டும், பிறகு இன்ஸ்பெக்ஷன், அதன்பிறகு அவருக்குப் பதவி உயர்வு. இப்போது தப்பைத் திருத்தினால் தப்பு நடந்தது தெரிந்துவிடும். "ரெண்டு மாசம் உங்ககிட்டயே இருக்கட்டுமே, உங்களுக்கு வட்டிதானே" என்று சிரித்தார். இவரும் மரியஜோசப்பும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியவர்கள்.

நானும் சரி என்று வந்துவிட்டேன். ஏன் வந்தேன்? தெரியவில்லை. அவர் கதவுவரை வந்து வழியனுப்பினார், அதனாலா?

15 பிப்ரவரி, திங்கள்



பாங்கில் நல்ல கூட்டம். தசரதன் வெளியே வந்து "அருள்மேரி" என்று கூப்பிட்டார். எழுந்தேன். சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் எழுந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. என்னைவிடச் சின்னவள்.

"உன்னை இல்லம்மா. டீச்சரை" என்றார் தசரதன்.

அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். பழகிப்போனவள்போல.

நான் உள்ளே போகவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றேன். புருஷன் யாக்கோபு, ஒரகடம் ரோட்டில் கல்குவாரி வேலை. நவம்பரில் வெடி வைத்தபோது பாறை சரிந்து செத்துப்போனான். குவாரிக்காரன் கொடுத்த செக்கை இங்கே போட்டாளாம். வாரா வாரம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வருகிறாளாம்.

"இன்னும் செக்கு வரலன்னே சொல்லிகினு கீறாங்க டீச்சரம்மா."

எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டேன். ஆறாயிரம்.

அவள் தரையில் உட்கார்ந்த வாரமெல்லாம் நான் நாற்காலியில். அவள் பணத்தில் வாங்கிய நாற்காலி.

24 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து மரியஜோசப் அறிவித்தார், நாற்பது நாளும் கறி மீன் கிடையாது. ஸ்கூட்டர் மட்டும் உண்டு. பதிவுக்குக் கட்டியாயிற்றாம்.

பணம் ஒரு விதவையுடையது என்று சொன்னேன். "மேனேஜரே மார்ச் வரைக்கும் வெச்சுக்கச் சொல்றாரு. நீ என்ன அவருக்கு மேலயா?" என்றார்.

ஆமாம் மேலேதான், போங்க. எனக்கு இனிஷியல் படிக்கத் தெரியும். ம. அருள்மேரிக்கும் யா. அருள்மேரிக்கும் வித்தியாசம் தெரியும். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

26 பிப்ரவரி, வெள்ளி

முடித்துவிட்டேன்.

அவளை இன்று வரச் சொல்லியிருந்தேன். ஒரு கவுண்டரில் ஆறாயிரத்தையும் எடுத்தேன். பக்கத்துக் கவுண்டரில் அவள் கணக்கில் கட்டினேன். கட்டுகிறவர் அருள்மேரி, கணக்கு அருள்மேரி. முத்திரை குத்திய துண்டு என்னிடம் இருக்கிறது.

மேனேஜர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஒரு வரியும் திருத்தாமல் தப்பு மறைந்துவிட்டதே.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி சொல்வாள், கையைப் பிடித்துக்கொள்வாள், நான் 'பரவாயில்லை' என்பேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"தை மாசமே தெரிஞ்சுதா டீச்சரம்மா?"

11 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

மரியஜோசப் ஆறு துண்டு கறி போட்டுச் சாப்பிட்டார். என்னோடு இன்னும் ஒழுங்கான பேச்சு இல்லை.

12 மே, புதன்

பாங்கிலிருந்து பதிவுத் தபால்.

வட்டார ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து கண்டுபிடித்துவிட்டாராம். கல்குவாரி செக் தவறுதலாக ம. அருள்மேரி கணக்கில் போயிருக்கிறது. அதனால் என் கணக்கில் ஆறாயிரம் கழித்து, யா. அருள்மேரிக்கு வரவு வைத்துவிட்டார்களாம். என் கணக்கில் இருந்ததே எழுநூற்றுச் சொச்சம். மீதியை 'தாங்கள் தெரிந்தே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டபடியால்' வட்டியோடு உடனே கட்ட வேண்டும்.

தெரிந்தே எடுத்து. பயன்படுத்தி. நல்ல தமிழ்.

மரியஜோசப் இரண்டு தடவை படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார். "ஸ்கூட்டராவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

14 மே, வெள்ளி

முத்திரைத் துண்டை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். நாற்காலி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கண்ணு முன்னாடிதானே சார் கட்டினேன்? அவளுக்கு ரெண்டு தடவை போயிருக்கு."

"அது நீங்க அந்தம்மாவுக்குக் குடுத்த அன்பளிப்பு. பாங்குக்கு அதுல சம்பந்தம் இல்லை."

"இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, ஜனவரியிலயே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்கம்மா." அதை வெகு நியாயமான காரணம்போலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குங்க. உங்க பேர்க்காரிதானே."

20 மே

போகவில்லை. லீவுதானே, போகலாம். காலையில் புடவைகூட மாற்றினேன். போய் என்ன கேட்பது? 'உன் புருஷன் செத்த பணத்தில் பாதி என்னுடையது' என்றா? அவள் செலவழித்திருந்தால்? 'எனக்கென்ன தெரியும், பாங்க் போட்டது' என்றால்? நானும் பிப்ரவரியில் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றுதானே வந்தேன்.

புடவையை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

23 மே, ஞாயிறு

அவள் வந்தாள். பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைகிற நேரம். என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

"கேட்டா குடுத்துக்க மாட்டேனா? ஏன் ஆள் அனுப்பின?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் செருப்பை வெகு கவனமாகக் கழற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார், எனக்குத் தெரியாமல். போலீஸ் வரும், ஜெயிலில் போடுவார்கள், விதவை என்றால் சும்மா விடுவார்களா என்று தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறார். கோவில் கமிட்டிச் செயலாளர்.

"சத்தியமா நான் அனுப்பலம்மா" என்றேன். என் குரல் எனக்கே பொய்க் குரலாகக் கேட்டது.

முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முழுசாக ஆறாயிரம்.

"பன்னண்டு தரேன்னு சாவு வூட்டுல எல்லார் எதிர்லயும் சொன்னான் கொவாரிக்காரன். ஆறுதான் குட்தான். இப்ப பாங்குல ஆறு ஏறிக்கீதுன்னதும், மீதியப் போட்டுட்டான், மனசாட்சி வந்துட்ச்சுன்னு நெனச்சேன். மாதாவுக்கு மெழுகுத்திரிகூட ஏத்துனேன்."

மரியஜோசப் பணத்தை எண்ணக் கையை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவை.

"தப்புதாம்மா" என்றேன். "ஜனவரியிலேர்ந்தே என் தப்பு."

போகிறவள், வாசலில் நின்று இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் மெரட்றாரு உங்க வூட்டுக்காரரு. இந்த சவுண்ட அந்தக் கொவாரிக்காரன்கிட்ட குட்த்தா மீதி வந்துடும். அடுத்த வாரம் திங்கக்கெழம காலைல அனுப்பி வைங்க, நானும் வரேன்."

"அனுப்பறேன்" என்றேன்.

25 மே

பாங்கில் கட்டிவிட்டேன், என் தலையில் விழுந்த வட்டி உட்பட. ரசீதை மூன்று தடவை படித்தேன். மேனேஜருக்குக் காஞ்சிபுரத்துக்குப் பதவி உயர்வில் மாற்றலாம். எல்லாருக்கும் லட்டு. எனக்கும் ஒன்று வந்தது. தசரதனிடமே திருப்பிக் கொடுத்தேன். "வூட்ல புள்ளைங்க கீதுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

31 மே, திங்கள்

மரியஜோசப்புக்கு விடியற்காலையிலிருந்து இடுப்பு வலி. புரளக்கூட முடியவில்லையாம். வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டு, நானே கிளம்பினேன்.

சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். வரவில்லை என்றதும் சிரித்தாளா, இல்லையா, சொல்லத் தெரியவில்லை.

"உங்களுக்கு கத்த வருமா டீச்சரம்மா?"

"ஐம்பது பிள்ளைங்களை வெச்சு மேய்க்கிறேன்."

ஒரகடம் பஸ் வந்தது. இரண்டு டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். என்னைக் கொடுக்க விடவில்லை.