பரணிலிருந்து இறங்கிய ஈரப்பை

என் உயிரான ஈசு அக்காவுக்கு,

நீ வாங்கி வைத்த ஈரப்பை இப்போது கோவையில் என் குளியலறைக் கொக்கியில் தொங்குகிறது. சின்னச் சின்ன யானை போட்டது, இரண்டு ஜிப் வைத்தது. வெளியே போகும்போது ஒரு பக்கம் காய்ந்த துணி டயப்பர், மறுபக்கம் நனைந்தது. என் பாப்பாவைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போன அன்று காலை முழுக்க என் தோளில் கிடந்தது. ஒரு சொட்டு கசியவில்லை, நாற்றமும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் துணி சோதித்த கை, தப்பான பையை வாங்குமா?

நீ கேட்பாய் என்று மற்றதையும் சொல்கிறேன். ஊக்குக்குப் பதிலாக வாங்கினாயே, மூன்று பல் ரப்பர் கிளிப், அதில் ஒன்று அறுந்துவிட்டது. அழுக்கோடு சுருட்டி எறிகிற லைனர் தாள் பாதிதான் மீதி. இரவுக்கு உள்ளே வைக்கிற தடித்த பட்டை மட்டும் எங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் உப்புத் தண்ணீரில் அப்பளம் மாதிரி விறைத்துப்போய், பாப்பாவின் தொடையெல்லாம் சிவந்துவிட்டது. இப்போது சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துவைத்துக் கடைசி அலசலை அதில் அலசுகிறேன். சரிதானா அக்கா? ஒவ்வொரு துணியையும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் கட்டுகிறேன். அப்படியும் பயம். அவள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தாலே மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

வெள்ளகோவில் வீட்டுக்கு இந்தப் பார்சல் வந்த அன்று அம்மா போட்ட சண்டை நினைவிருக்கிறதா? உனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாய்.

“பொறக்கறதுக்கு மிந்தி ஒண்ணும் வாங்கப்படாது கண்ணு. ஆகாது.”

“தொட்டிலா வாங்குனேன்? பீத்துணி போடற பைதானுங்கம்மா. இதையப் போயி எந்தச் சாமி கண்ணு வெக்குது?” என்றாய். அம்மாவே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ போனாய், உனக்குள் இருந்ததும் போனது. அம்மா இந்தப் பையையும் மற்றவற்றையும் பழைய வேட்டியில் கட்டிப் பரணில் போட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “இந்தப் பைதான் எம்புள்ளையக் கொண்டுபோயிருச்சு” என்றார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எம்.எஸ்சி. படித்தவள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை நீ பரிசோதனைக்குக் கோவை வர வேண்டிய நாள். எனக்குப் போன் செய்தாய்.

“ஏம்புள்ள, எட்டாம் மாசம் பொறந்திருச்சு, பயணம் ஆகாதுங்கறாங்க அம்மா. எனக்குக் காலு வீங்கிக் கெடக்குது, தலையும் உடாம வலிக்குது. வரட்டுமா, வேண்டாமா?”

எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. “ஒரு மாசந்தானக்கா. அம்மா சொல்றதையே கேட்டுக்கோ. மாசமா இருந்தா காலு வீங்கத்தான செய்யும்” என்றேன். நீயும் சரி என்று சொல்லிவிட்டு, கிளிப் எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாய்.

நாலாம் நாள் உனக்கு வலிப்பு வந்தது. அதே எட்டாம் மாதத்தில், அதே ரோட்டில், ஆகாது என்ற அதே பயணத்தை ஆம்புலன்ஸில் போனாய். பல்லடம் தாண்டவில்லை.

நான் மாசமாக இருந்தபோது ஒவ்வொரு முறையும் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கால் வீக்கமும் விடாத தலைவலியும் ரத்தக் கொதிப்பின் அடையாளம், விட்டால் வலிப்பில் முடியும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. வெள்ளகோவிலிலேயே ஏதாவது ஒரு கிளினிக்கில் பார்த்திருக்கலாம். அதுகூட எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்துவிட்டு, பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்து கோவை திரும்பிய அன்று, அம்மா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினேன். மூட்டையைச் சேலைகளுக்கு நடுவில் ஒளித்து எடுத்துவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்லாமல் வந்து இறங்கினார். கை கழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“இதைய எதுக்கு அம்மணி எடுத்துட்டு வந்தே? ஒரு புள்ளைய முழுங்குனது பத்தாதா? குடு, கொளுத்திப்போடறேன்.”

கொக்கியிலிருந்து பிடுங்கினார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள்.

“பை ஒண்ணும் பண்ணலீங்கம்மா. அன்னைக்கு அக்கா வரட்டுமான்னு கேட்டா. நாந்தான் வேண்டாம்னேன்.”

அம்மா பையை விடவில்லை. இழுக்கவும் இல்லை.

“தெரியும் கண்ணு. நீ போன்ல சொன்னப்ப நான் அவ பக்கத்துலதான நின்னேன். மொதல்ல வேண்டாம்னவளே நானு. பைதான்னு சொல்லிக்கிட்டாத்தான் நாம ரெண்டு பேரும் சோறு திங்க முடியும். அதுக்குத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்.”

பிறகு அம்மா போய்ப் பாப்பாவின் நனைந்த துணியை அவிழ்த்தார். அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். தைத்த ஓரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தார், நீ துணி சோதிப்பாயே, அது மாதிரி. அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பையின் மேல் இனி யாரும் பழி போட விட மாட்டேன். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலாவது எட்டாம் மாதம், பயணம் ஆகாது என்ற பேச்சு எழுந்தால், காரை எடுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் நிற்பேன். திட்டினாலும் நகர மாட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஓர் எழுத்துத்தான் அக்கா. அதை அவர்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அன்று ‘வா’ என்று சொல்லாத உன் தங்கச்சி,
சுதா