இரும்பு உசில மரத்தடியில்

மாப்ள,

இன்று காலை தலைக்குக் குளிக்க உசில இலை அரப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த வாடை வந்ததும் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் பேரனுக்கு முடியிறக்கியபோது உன் வீட்டுக்காரி கொடுத்தது. "கடைத் தூளுண்ணே. நம்ம மரந்தேன் இல்லையே," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உசிலம்பட்டி சாலையில், கண்மாய்க் கரையில் நின்ற அந்த உசில மரமேதான் உங்கள் குலசாமி. பிள்ளைகளுக்கு முதல் முடியை அதன் நிழலில்தான் இறக்குவீர்கள். அதிலிருந்து உதிர்ந்த இலையை அரைத்துத்தான் மொட்டைத் தலையைக் கழுவுவீர்கள். அந்த உறவை ஊரே பார்க்கும்படி, பக்கத்திலேயே ஓர் இரும்பு மரம் செய்து நிறுத்த ஓவிய வாத்தியாரான எனக்கு ஆசை வந்தது. "சாமிக்குக் கூரையும் ஆகாது, சிமிண்டும் ஆகாதுப்பா," என்று உன் பங்காளிகள் மறித்தார்கள். நீதான் வீடு வீடாகப் போய்ப் பேசினாய். "எம் மாப்ள செஞ்சா வெளங்கும்யா," என்றாயாம்.

நன்றாகத்தான் வந்தது. பழைய ஏர்க்கொழுவும் மாட்டு லாடமும் சேர்த்துப் பற்றவைத்த அடிமரம். தகர இலை ஒவ்வொன்றிலும் உங்கள் பிள்ளைகளில் ஒருவரின் பெயர். பார்க்க வருகிறவர்கள் சேற்றில் நிற்கக் கூடாதே என்று, இரண்டு மரத்தையும் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடச் சொன்னவன் நான். கடப்பாரை வேரில் இறங்கியபோது நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"ஒண்ணும் ஆகாது மாப்ள," என்றேன்.

அடுத்த கோடையில் உசில மரம் பட்டுப்போனது. பங்காளிகள் உன்னோடு பேச்சை நிறுத்தினார்கள். நீ சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாமேடா, பாவி.

உன் காரியத்துக்கு அவர்கள் எல்லோரும் வந்தார்கள். பேரனுக்கு முடியிறக்குவதையும் அவர்களே முன்னின்று நடத்தினார்கள், அந்த இரும்பு மரத்தடியில். "வேற எங்கிட்டுப் போறது? சாமி நின்ன எடம் இதுதேன்," என்றார் உன் அண்ணன்.

தாய்மாமன் மடியில் குழந்தை வெயில் பொறுக்காமல் வீறிட்டது. மேலே என் தகர இலைகள் கொதித்தன. நிழல் பேருக்குத்தான் விழுந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்துபோய் வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குழந்தையின் பக்கத்தில் நின்றேன். என் நிழல் அவன் தலையில் விழுந்ததும் அழுகை அடங்கியது.

"அப்படியே நில்லுங்க வாத்தியாரே. அசையாதீக," என்றார் உன் அண்ணன்.

நின்றேன். முதுகு இன்னும் எரிகிறது, மாப்ள. எரியட்டும்.